பழைய முதலாளி சுமத்திய பழி: ஓராண்டுக்குள் என்ன செய்யலாம்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் கணக்காளராக இருந்தேன். டிசம்பரில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். ஒரு மாத நோட்டீஸ் காலத்தையும் முடித்து, பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டு ஜனவரி 10 அன்று விலகினேன். ஒப்படைப்புத் தாளில் மேலாளரும் கையெழுத்துப் போட்டார். ஜனவரி 18 அன்று முதலாளி, இருநூறு பேருக்கு மேல் இருக்கும் ஏற்றுமதியாளர் வாட்ஸ்அப் குழுவில் என் புகைப்படத்தைப் போட்டு, "4 லட்சம் ரூபாய் கணக்கில் இல்லை, இந்தப் பெண்ணை யாரும் வேலைக்கு வைக்க வேண்டாம்" என்று எழுதிவிட்டார். பழைய தோழி ஒருவர் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். பிறகு தபாலில் வந்த விடுவிப்புக் கடிதத்தில் "நம்பகத்தன்மை இன்மையால் பணிநீக்கம் செய்யப்படுகிறார்" என்று இருக்கிறது. பணிக்கொடையும் தரவில்லை. மே மாதம் வேறொரு நிறுவனத்தில் வேலை உறுதியாகி, சேர வேண்டிய நாளில் வர வேண்டாம் என்றார்கள். முதலாளி தொலைபேசியில் பேசினாராம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன், ரசீது மட்டும் தந்தார்கள். "விட்டுவிடு, வேறு ஊருக்குப் போய்விடலாம்" என்கிறார் கணவர். நான் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. எனக்குச் சட்டத்தில் வழி உண்டா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் அடிக்கோடிட்டது ஜனவரி 18 என்ற தேதியைத்தான். மான நஷ்டத்துக்கு இழப்பீடு கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் ஒரே ஒரு ஆண்டுதான் தருகிறது. எழுத்தில் வந்த அவதூறுக்கு அது வெளியான நாளிலிருந்து ஓராண்டு. வாய்ச்சொல்லுக்குப் பேசிய நாளிலிருந்து ஓராண்டு. கடன் பாக்கிக்கு மூன்று ஆண்டு இருக்கிறதே, இதற்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, நல்ல வழக்கைக் கையில் வைத்திருந்தும் பதினான்காம் மாதம் என்னைத் தேடி வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவதைவிட மனம் கனக்கும் வேலை எனக்கு வேறு இல்லை. மேல்முறையீட்டில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்பதுபோல, அசல் வழக்கில் கேட்கவும் முடியாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்தேன், சமரசம் பேசிக்கொண்டிருந்தேன், குற்றவியல் புகார் நடந்துகொண்டிருந்தது என்ற எந்தக் காரணமும் அந்த ஓராண்டை நிறுத்திவைக்காது.

இப்போது ஜூன். குழுவில் போட்ட செய்திக்கு உங்களுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பொங்கல் விடுமுறையை ஒட்டி அந்த நாள் வருவதால், டிசம்பர் முடிவதற்குள் வழக்கு தாக்கலாகியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத் தொலைபேசிப் பேச்சு தனி அவதூறு, அதற்குத் தனி ஓராண்டு உண்டு. ஆனால் அதை நம்பி ஜனவரியைத் தவறவிட வேண்டாம், ஏனென்றால் உங்கள் வலுவான ஆதாரம் எழுத்தில் இருப்பது ஜனவரிச் செய்தியில்தான்.

வழி உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. நீங்கள் சொல்லும் விவரங்கள் அப்படியே சாட்சியத்திலும் நின்றால், உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒருவரைப் பற்றி அவருடைய மதிப்பைக் குலைக்கும் செய்தியை மூன்றாவது ஆளிடம் சேர்ப்பதுதான் அவதூறு. முதலாளி உங்களைத் தனியறைக்கு அழைத்துத் "திருடி" என்று திட்டியிருந்தால், எவ்வளவு வலித்தாலும் அது அவதூறு வழக்காகாது, கேட்டவர் நீங்கள் மட்டும்தான். இங்கே இருநூறு பேர் படித்திருக்கிறார்கள். பணத்தைக் கையாளுவதே தொழிலான ஒருவரைப் பார்த்துப் பணம் காணவில்லை என்று சொல்வது, அவருடைய தொழிலின் ஆணிவேரிலேயே வெட்டுவது.

முதலாளி தரப்பு இரண்டு கேடயங்களைத் தூக்கும். முதலாவது, "நல்லெண்ணத்தில் சக தொழில்முனைவோரை எச்சரித்தேன்." சட்டத்தில் இதற்கு உண்மையிலேயே இடம் இருக்கிறது. புதிய நிறுவனம் உங்களைப் பற்றி விசாரித்து, பழைய முதலாளி தான் நேர்மையாக நம்புவதை அவர்களிடம் மட்டும் சொன்னால், அந்தக் கருத்து உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும் சட்டம் பெரும்பாலும் அவரைக் காக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் யாரும் யாரைப் பற்றியும் ஒரு பரிந்துரைகூடத் தர மாட்டார்கள். ஆனால் நல்லெண்ணம் என்ற சொல்லுக்குக் குற்றவியல் சட்டம் பொருள் வகுத்திருக்கிறது: உரிய கவனத்தோடும் அக்கறையோடும் செய்யாத எதுவும் நல்லெண்ணத்தில் செய்ததாகாது. உங்களிடம் விளக்கம் கேட்டு ஒரு மெமோ வரவில்லை. விசாரணை நடக்கவில்லை. 4 லட்சம் ரூபாயை உண்மையிலேயே இழந்த ஒருவர் ஐந்து மாதமாகக் காவல் நிலையப் படியேறவில்லை. யாரும் கேட்காமலே இருநூறு பேருக்குப் புகைப்படத்தோடு அனுப்பியிருக்கிறார். இதில் உரிய கவனம் எங்கே இருந்தது என்று குறுக்கு விசாரணையில் கேட்டால், பதில் சொல்ல அவர் திணற வேண்டியிருக்கும்.

நம் ஊர் நாளிதழ்களில் ஒரு வழக்கம் உண்டு. ஊழியரின் படத்தைப் போட்டு, "இவர் இன்ன தேதி முதல் எங்கள் நிறுவனத்தில் இல்லை, இவரோடு வைத்துக்கொள்ளும் கொடுக்கல் வாங்கலுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று அறிவிப்பு கொடுப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது சுருக்கென்று இருந்தாலும், அந்த வாசகம் உண்மையை மட்டும் சொல்லி நிற்கும்வரை வழக்காடுவது கடினம். உங்கள் முதலாளி அந்த எல்லையில் நிற்கவில்லை. பணத்தைச் சேர்த்தார், வேலைக்கு வைக்காதே என்று கட்டளையும் சேர்த்தார்.

இரண்டாவது கேடயம் உண்மை. உரிமையியல் வழக்கில், சொன்னது உண்மை என்று நிரூபித்துவிட்டால் அத்தோடு வழக்கு முடிந்தது. நிரூபிக்கும் சுமை சொன்னவர் மேல்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த இடத்தில் உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. ஆறு ஆண்டு ரொக்கம் கையாண்டிருக்கிறீர்கள். முன்பணம் வாங்கி வவுச்சர் போடாமல் விட்டது, ஜாப் ஒர்க் ஆட்களுக்கு முதலாளி வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்த பணம், உங்கள் சொந்தக் கணக்கு வழியாக நிறுவனத்துக்காகப் போய்வந்த தொகை என்று ஏதாவது இருந்தால், அதை வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சிறிய நிறுவனங்களில் இவை சாதாரணம், இவற்றால் யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. உங்கள் வழக்கறிஞர் எதிர்த்தரப்பு வாயிலிருந்து அதை முதன்முறையாகக் கேட்பதுதான் ஆபத்து. உங்கள் பெரிய பலம் அந்த ஒப்படைப்புத் தாள். ரொக்க இருப்பும் புத்தகமும் சரி என்று மேலாளர் கையெழுத்துப் போட்டிருந்தால், எட்டே நாளில் 4 லட்சம் எப்படிக் காணாமல் போனது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். அதன் அசல் உங்களிடம் இல்லை, செல்பேசிப் படம்தான் இருக்கிறது என்றால் அந்தப் படத்தை அழிக்காமல், அந்தக் கைபேசியையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

ஆதாரம் பற்றிக் கூடுதலாகவே எழுதுகிறேன், பல வழக்குகள் சறுக்குவது இங்கேதான். நீங்கள் அந்தக் குழுவில் இல்லை. கையில் இருப்பது தோழி அனுப்பிய ஸ்கிரீன்ஷாட். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் சான்றாகப் பதிவு செய்ய, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று இருந்ததுதான் இது. அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. ஆகவே அந்தச் செய்தியைத் தன் கைபேசியில் நேரடியாகப் பெற்ற ஒருவர் வேண்டும். உங்கள் தோழி அந்த நிறுவனத்திலேயே இன்னும் வேலை பார்க்கிறார் என்றால், கூண்டில் ஏறச் சொல்லி அவரை நெருக்காதீர்கள். அவர் பிழைப்பும் முக்கியம். இருநூறு பேரில் உங்களை அறிந்த ஒரு பழைய வாடிக்கையாளரோ, தணிக்கையாளரோ, துணி வியாபாரியோ இருப்பார். அவர் அந்த உரையாடலை வாட்ஸ்அப்பிலிருந்து இப்போதே கோப்பாக எடுத்து (எக்ஸ்போர்ட்) வைக்கட்டும். குறிப்பிட்ட நாளில் செய்திகள் தானாக மறையும் வசதி இருப்பதால் தாமதம் கூடாது. குழு நிர்வாகியை எதிரியாகச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். உறுப்பினர் போட்ட செய்திக்கு நிர்வாகி பொறுப்பாக மாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. அவர் உங்களுக்குச் சாட்சியாகப் பயன்படக்கூடியவர்.

மே மாதம் வேலையைத் திரும்பப் பெற்ற நிறுவனத்துக்குக் கோபமில்லாமல் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். "இன்ன தேதியில் சேரச் சொல்லி உறுதி செய்திருந்தீர்கள். பிறகு வர வேண்டாம் என்றீர்கள். என் முந்தைய நிறுவனத்திலிருந்து வந்த தகவல்தான் காரணமா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்." பதில் வந்தால் அது பொன். வராவிட்டாலும், நீங்கள் அன்றே கேட்டீர்கள் என்பது பதிவாகும். வேலை உறுதி செய்த கடிதமும் அதில் உள்ள சம்பளமும் உங்கள் நஷ்டத்தைக் கணக்கிட உதவும்.

இனி அந்த விடுவிப்புக் கடிதம். அது உங்களுக்கு மட்டும் வந்தது, ஆகவே அவதூறாகாது என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆனால் அடுத்த நேர்காணலில் அந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டியவர் நீங்கள்தான். அவர் எழுதிய பழியை உங்கள் கையாலேயே ஊருக்குக் காட்ட வைக்கிறார். 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் இதே நிலையில் இருந்த ஒரு மென்பொருள் ஊழியருக்குத் தீர்ப்பளித்தது. பணிநீக்கக் கடிதத்தில் அவருடைய நடத்தை தீய நோக்குடையது என்று நிறுவனம் எழுதியிருந்தது. வேலை தேடும் ஒருவர் அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்பதால் அதுவும் வெளியீடுதான் என்று நீதிமன்றம் ஏற்று, 2 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும், அந்தச் சொற்கள் இல்லாத புதிய கடிதம் கொடுக்கவும் உத்தரவிட்டது. டெல்லித் தீர்ப்பு நம் மாநில நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்ட வலுவானது. உங்கள் வழக்கிலும் புதிய கடிதம் கேட்டு ஒரு பரிகாரத்தைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். எனக்குப் பணத்தைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது.

அந்தக் கடிதத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். நீங்கள் ராஜினாமா செய்தீர்கள், அவர்கள் பணிநீக்கம் என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்து ஆண்டு முடித்து விலகியவருக்குப் பணிக்கொடை உரிமை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 20,000 ரூபாய் என்று வைத்தால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, ஆறு ஆண்டுக்குப் பெருக்க, சுமார் 69,230 ரூபாய் வரும். பணிக்கொடையைப் பறிமுதல் செய்ய, நிறுவனத்துக்கு நஷ்டம் ஏற்படுத்தியது போன்ற காரணத்துக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். ராஜினாமா எப்படிப் பணிநீக்கமானது என்பதற்கு இது காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். ராஜினாமாக் கடிதத்தை ஏற்றுக்கொண்ட மின்னஞ்சலோ, நோட்டீஸ் காலத்துச் சம்பளச் சீட்டோ இருந்தால் இந்த மாற்றம் அம்பலமாகிவிடும். பணிக்கொடைக்குத் தொழிலாளர் துறையில் தனியாக மனுக் கொடுங்கள். மான நஷ்ட வழக்கைவிட அது எளிது. அங்கே அவர் பணத்தைத் தர மறுத்தால், உங்கள் மேல் சொன்ன குற்றச்சாட்டை அங்கேயே நிரூபித்தாக வேண்டும்.

காவல் நிலையத்தில் ரசீது மட்டும் தந்தது அலட்சியத்தால் அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறு குற்றம்தான். இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை என்று தண்டனை இருக்கிறது. ஆனால் இது காவல் துறை தானாக வழக்குப் பதிய முடியாத குற்றம். பாதிக்கப்பட்டவரே குற்றவியல் நடுவர் முன் தனிநபர் புகார் கொடுக்க வேண்டும், அதற்கு மூன்று ஆண்டு கால வரம்பு. இணையத்தில் எழுதியதால் சைபர் பிரிவு நடவடிக்கை எடுக்கும் என்று யாராவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைச் சொன்னால் நம்ப வேண்டாம், அதை உச்ச நீதிமன்றம் 2015-இலேயே ரத்து செய்துவிட்டது.

குற்றவியல் புகாரை முதல் ஆயுதமாக எடுக்க நான் சொல்ல மாட்டேன். அவரைக் கூண்டில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வழக்கின் முடிவில் அவருக்கு அபராதம் விழுந்தாலும், உங்கள் கைக்குத் திருத்திய கடிதம் வராது. மேலும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, புகாரைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே எதிரியின் தரப்பைக் கேட்க வேண்டும் என்பதால் தொடக்கமே இழுக்கும். மூன்று ஆண்டு இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும்.

இந்த மாதமே ஒரு வக்கீல் நோட்டீஸ் போகட்டும். அதில் கோபம் வேண்டாம், கோடிக்கணக்கான தொகையும் வேண்டாம். அவர் எழுதிய சொற்களை அப்படியே மேற்கோளாகத் தந்து, அதே குழுவில் பதினைந்து நாளுக்குள் இப்படி ஒரு செய்தி போடச் சொல்லுங்கள்: "இவர் தாமாகப் பணி விலகினார். பொறுப்புகளை முறையாக ஒப்படைத்தார். ஜனவரி 18 அன்று இவரைப் பற்றி அனுப்பிய செய்தியைத் திரும்பப் பெறுகிறோம்." கூடவே, ராஜினாமா என்று குறிப்பிட்ட புதிய கடிதம், பணிக்கொடை. இவ்வளவுதான் கேட்க வேண்டும். நோட்டீஸ் அனுப்பித்தான் வழக்குப் போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வழக்கறிஞர் ஒருவர் அவருக்கு எடுத்துச் சொன்ன பிறகு பல முதலாளிகள் இந்த மூன்று வரிக்கு ஒப்புக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மறுத்தால், அல்லது அதே பழியைப் பதில் நோட்டீஸில் திரும்ப எழுதினால், அவருடைய பிடிவாதமும் உங்கள் வழக்கில் ஆவணமாகிவிடும்.

வழக்குப் போடும்போது தொகையை யோசித்து வையுங்கள். தமிழ்நாட்டில் பணம் கேட்கும் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் நூற்றுக்கு மூன்று. 5 லட்சம் கேட்டால் 15,000 ரூபாய், ஒரு கோடி கேட்டால் 3 லட்சம். நம் நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளில் கொடுக்கும் தொகை பொதுவாக அடக்கமானது என்பதை டெல்லித் தீர்ப்பிலேயே பார்த்தீர்கள். இனி இப்படிப் பேசக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளையும் கேளுங்கள். விசாரணைக்கு முன்பே இடைக்காலத் தடை கிடைப்பது அரிது, அதை நம்பி மனம் சோர வேண்டாம்.

செலவை எண்ணித் தயங்குகிறீர்கள் என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உரிமை. திருப்பூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் மனுக் கொடுத்தால் வழக்கறிஞரை நியமிப்பார்கள், நீதிமன்றக் கட்டணத்துக்கும் உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இது பிச்சை இல்லை, தயங்காமல் போங்கள்.

நோட்டீஸ் போன பிறகு முதலாளி உங்கள் மேல் நம்பிக்கை மோசடிப் புகார் கொடுக்கக்கூடும். ஊழியர் செய்ததாகச் சொல்லப்படும் நம்பிக்கை மோசடிக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு என்பதால் பயமுறுத்தல் பெரிதாகவே தெரியும். காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தால் ஒளிய வேண்டாம். உடனே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் முன்ஜாமீன் கேட்கலாம். சாட்சியாக விசாரிப்பதற்கு ஒரு பெண்ணைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி எந்தத் தாளை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிரச்சினை முடிந்தால் போதும் என்று ஒரு லட்சம் கட்ட ஒப்புக்கொண்டால், ஊரார் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் படிப்பார்கள்.

அந்தக் குழுவிலோ உங்கள் வாட்ஸ்அப் நிலைத்தகவலிலோ அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு ஜவுளிக்கடை ஊழியர், தன்னைத் திருடன் என்ற முதலாளியை வரி ஏய்ப்பவர் என்று அதே குழுவில் திருப்பி எழுதிவிட்டார். அந்த ஊழியர் தொடுத்த வழக்கில் பாதி நேரம் தான் எழுதியதற்குப் பதில் சொல்வதிலேயே போனது.

உங்கள் கணவரிடம் நான் சொல்ல ஒன்று இருக்கிறது. வேறு ஊருக்குப் போகலாம் என்று அவர் சொல்வது உங்கள் மேலுள்ள அக்கறையால்தான். ஆனால் ஏற்றுமதித் தொழிலில் கரூருக்குப் போனாலும் ஈரோட்டுக்குப் போனாலும், முந்தைய கம்பெனிக் கடிதத்தைக் கேட்பார்கள். அந்தக் கடிதம் திருத்தப்படும்வரை நீங்கள் போகும் ஊருக்கெல்லாம் அதுவும் கூட வரும். நோட்டீஸ் போகும் நாளில் அவரும் உங்களோடு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வரட்டும்.

ராஜினாமாக் கடிதம், அதை ஏற்ற மின்னஞ்சல், ஒப்படைப்புத் தாள், சம்பள உயர்வுக் கடிதங்கள், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, விடுவிப்புக் கடிதம் தபாலில் வந்த உறை, ஸ்கிரீன்ஷாட், மே மாத வேலை உறுதிக் கடிதம், காவல் நிலைய ரசீது. இவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி ஒரு கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள். ஜனவரி 10 முதல் இன்றுவரை நடந்ததை ஒரு வெள்ளைத் தாளில், யார், எப்போது, என்ன சொன்னார் என்று மட்டும் எழுதி அதன் மேல் வையுங்கள். அந்தத் தாளின் முதல் வரியாக, வழக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள் ஜனவரி 18 என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு, வரும் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குச் சட்டப் பணிகள் அலுவலகத்துக்குப் போங்கள்.